இரண்டு கணு ஆழம்

பங்குனி போய்ச் சித்திரையும் பிறந்துவிட்டது. தெருவில் எல்லார் கொல்லையிலும் வெண்டை பூத்துக் காய்த்துக்கொண்டிருக்க, செவ்வந்தியின் கொல்லை மட்டும் மொட்டை போட்ட தலை மாதிரி கிடந்தது. தை மாதம் கொட்டிவைத்த எரு மூலையில் குவிந்து காய்ந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டுக் கோழி அதன் மேல் ஏறி, இது கேட்பாரில்லாத இடம் என்று தானே தீர்மானம் செய்துகொண்டு கிளறிக்கொண்டிருந்தது.

விதைக்காததற்குச் சோம்பல் காரணமில்லை. வாய்க்கால் வறண்டுகிடந்தாலும் அடிபம்பில் தண்ணீர் இருந்தது. பூவம்மாள் ஊரில் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

பூவம்மாள் செவ்வந்தியின் நாத்தனார். செவ்வந்தியின் புருஷன் ரெத்தினத்துக்கு அக்கா. நாலு மைல் தள்ளிக் குத்தாலத்தில் டீக்கடை வைத்திருக்கிறாள். கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள். அவள் கையால் முதல் விதை விழுந்தால் அந்தக் கொல்லை ஆவணி வரைக்கும் காய் கொடுக்கும் என்று இங்கே பேச்சு. ஆனால் தம்பி கொல்லையில் மட்டும்தான் போடுவாள். மாசி பிறந்ததும் முந்தானையில் விதையை முடிந்துகொண்டு பஸ் ஏறி வருவாள். நாற்காலி போட்டால்தான் உட்காருவாள். கல்யாணப் பந்தியில்கூடப் பாயில் உட்காரமாட்டாள். டேபிள் பந்திக்குத்தான் காத்திருப்பாள். டீக்கடை வைத்ததும் வந்த கெத்து என்று ஊர் பேசிக்கொள்ளும். டீயைக் குடித்துவிட்டுக் கொல்லைக் கதவருகே போய் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாள்.

"செவ்வந்தி, உள்ள போ."

செவ்வந்தி உள்ளே போய்விடுவாள். கதவைச் சாத்திக்கொள்வாள். ஏனென்றால் செவ்வந்திக்குக் கைராசி கிடையாது. அவள் பார்வை பட்டால்கூட விதைக்கு ஆகாது.

இது எப்போது முடிவானது என்றால், கல்யாணமாகி வந்த முதல் மாசியில். பத்தொன்பது வருஷம் முன்னால். அப்போது பூவம்மாள்தான் ஒரு கை வெண்டை விதையைக் கொடுத்து, "புதுப்பொண்ணு, நீ போடு" என்றாள். செவ்வந்தி ஆசை ஆசையாகப் போட்டாள். காலையும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றினாள். ஒரு விதைகூட முளைக்கவில்லை. ஒன்றுகூட என்றால் ஒன்றுகூட இல்லை. பூவம்மாள் மறுபடி வந்து, அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, அதே பாத்தியில் அதே விதையைப் போட்டாள். ஐந்தாம் நாள் பாத்தி பூராவும் பச்சை. "ஒனக்குக் கைராசி இல்ல போலருக்குடி" என்று பூவம்மாள் சொன்னது சாதாரணமாகத்தான். ஆனால் சில வார்த்தைகள் சுவரில் அடித்த ஆணி மாதிரி. அதற்குப் பிறகு களை எடுப்பது, தண்ணீர் ஊற்றுவது, பந்தல் கட்டுவது, காய் பறிப்பது எல்லாம் செவ்வந்தி. விதை போடுவது மட்டும் பூவம்மாள் அண்ணி.

இந்த வருஷம் கும்பகோணத்தில் இருக்கும் மகளுக்கு டாக்டர் படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டதால், தை கடைசியில் போன பூவம்மாள் திரும்பவில்லை. மாசி போனது. பங்குனி போனது. ரெத்தினம் அறுப்பு மிஷின் ஓட்டுகிறவன். சம்பா அறுவடை முடிந்து வீட்டில்தான் இருந்தான்.

"அக்கா வந்துரட்டுமே. இத்தன நாள் பொறுத்தாச்சு" என்றான்.

"பிரசவம் ஆயி, தீட்டு கழிஞ்சு, அவங்க வர்றதுக்குள்ள ஆடி வந்துரும்."

"வரட்டும். அதுக்குன்னு நீயா போடப்போற?"

அவன் கேலியாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் செவ்வந்திக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த ஆசியாவிடம் இதைச் சொன்னாள். ஆசியாவின் புருஷன் அப்துல் வஹாப் துபாயில் இருக்கிறான். ஆசியா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். செடிகொடி விஷயத்தில் அவளுக்குத் தெரிந்தது, காய் பச்சையாக இருக்கும் என்பது மட்டும்தான். அதனாலேயே அவள் கேட்ட கேள்வி நேராக வந்தது.

"எனக்குப் புரியல அக்கா. நடவுக்கு ஒங்களத்தானே மொதல்ல கூப்புடுறாங்க? வயல்ல நடுறதும் இதே கைதானே? அங்க மட்டும் ராசி எங்கேருந்து வருது?"

செவ்வந்தி வேலியில் காய்ந்துகிடந்த ஒரு துணியை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள்.

ஆசியா சொன்னது உண்மை. மிஷின் நடவு வந்த பிறகும், இறங்க முடியாத சதுப்பு வயலுக்குச் செவ்வந்தியின் கூட்டத்தைத்தான் தேடி வருவார்கள். வரப்போர முதல் வரிசை எப்போதும் அவளுக்கு. அவள் பிடித்த வரிசையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நடுவார்கள். மறுநாள் தண்ணீர் கட்டினால் மற்றவர்கள் நட்டதில் அங்கங்கே நாற்று மிதக்கும். செவ்வந்தி நட்டதில் ஒன்று மிதக்காது. மிராசுதார்களே சொல்வார்கள். அப்படியானால் இந்தக் கை நல்ல கையா, கெட்ட கையா? வயலில் ஒரு கை, கொல்லையில் ஒரு கை என்று யாருக்காவது உண்டா? இதை ஏன் பத்தொன்பது வருஷமாகத் தான் யோசிக்கவே இல்லை என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. யோசித்துப் பார்த்து, ராசி இல்லை என்பது மெய்யாகவே ஆகிவிட்டால்? இப்போதாவது ஊர் சொல்கிறது என்று இருக்கலாம். அப்புறம் தானே சொல்லிக்கொள்ள வேண்டிவரும்.

பயம் ஒரு பக்கம் இருக்க, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் குத்தாலம் போய் விதைக்கடையில் வெண்டை வாங்கிவந்தாள். எருவை உடைத்துப் போட்டுக் கொத்திவிட்டாள். ஒரே அளவில் இரண்டு பாத்தி கட்டினாள்.

"ஒரு பாத்தி நான் போடுறேன். இன்னொண்ணு நீ போடு" என்றாள் ஆசியாவிடம்.

"நானா? என் வாழ்க்கையில வெதையே போட்டதில்ல."

"அதான் வேணும். ஒனக்கு ராசி இருக்கா இல்லையான்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல பாரு."

ஒரே பொட்டலத்து விதை. ஒரே ராத்திரி ஊறவைத்தது. ஒரே வாளித் தண்ணீர். எண்ணி ஆளுக்கு முப்பது. ஆசியாவின் கையில், புருஷனின் தங்கை கல்யாணத்துக்கு வைத்த மருதாணி இன்னும் அழியவில்லை. மண்ணில் கை வைக்க மனம் வராமல், கொட்டாங்குச்சிச் சில்லால் லேசாகக் கீறி, விதையைப் போட்டு, அதே சில்லால் மண்ணை இழுத்துவிட்டாள். செவ்வந்தி அப்படியெல்லாம் விளையாடவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, முப்பதையும் நூல் பிடித்த மாதிரி வரிசையாக, மூன்று விரலால் பிடித்துப் பதமாக ஊன்றி முடித்தாள். பார்க்கவே கண்ணுக்கு அழகாக இருந்தது.

ரெத்தினம் வந்து பார்த்தான். அன்று ராத்திரி விதை போட்டாச்சா என்று அக்கா போனில் கேட்டபோது, "இல்லக்கா, நீ வந்துதான்" என்று அவன் சொன்னது மட்டும் செவ்வந்தியின் காதில் விழுந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஆசியாவின் பாத்தியில் கொக்கி கொக்கியாகக் கழுத்தை வளைத்துக்கொண்டு முளை எழும்பியிருந்தது. செவ்வந்தி எண்ணினாள். இருபத்து நாலு. தன் பாத்தியைப் பார்த்தாள். வழித்துவிட்ட மாதிரி இருந்தது. சரி, ஒரு நாள் முன்னே பின்னே இருக்கும் என்று ஆறாம் நாள் பார்த்தாள். ஏழாம் நாள் ஆசியாவின் செடிகள் இலை விரித்துவிட்டன. செவ்வந்தியின் பாத்தியில் வெயிலுக்கு மண் இறுகிப் பொருக்குத் தட்டிக் கிடந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை.

"விடு. எல்லாருக்கும் எல்லாம் அமையுமா" என்றான் ரெத்தினம். ஆறுதலாகத்தான் சொன்னான். அவனை ஒரு அறை விடலாமா என்றிருந்தது அவளுக்கு. அடிபம்புக்குப் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். ராசி இல்லை. அவ்வளவுதான். தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாய் அல்லவா, தெரிந்துகொள்.

அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் இன்னொரு கேள்வி வந்தது. முளைக்கவில்லை, சரி. ஆனால் போட்ட முப்பது விதையும் எங்கே போயிற்று? எறும்பு இழுத்துப் போயிருக்குமா, அழுகியிருக்குமா, அல்லது ராசியில்லாத கை பட்டதும் விதை அப்படியே கல்லாகிவிடுமா? ராசி இல்லை என்பது சரி, அந்த ராசி இல்லாமை மண்ணுக்குள்ளே போய் என்னதான் செய்கிறது? அதையாவது பார்த்துவிடலாம் என்று ஈர முகத்தோடு பாத்தியில் போய் உட்கார்ந்தாள்.

பொருக்கை விரலால் பெயர்த்தாள். அடியில் மண்ணை மெதுவாக விலக்கினாள்.

முளை இருந்தது.

வெள்ளை வெளேரென்று, நூல் போல, ஒரு முளை. மேலே வரப் பார்த்து, வழி இல்லாமல் வளைந்து, மறுபடி மேலே வரப் பார்த்து, பொருக்கின் அடியில் முட்டித் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு செத்துக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. முப்பதில் இருபத்தாறு முளைத்திருந்தன. முளைத்தும் வெளியே வர முடியாமல் போயிருந்தன.

செவ்வந்தி துள்ளி எழுந்தாள். "முளைச்சிருக்கு, ஆசியா, எல்லாம் முளைச்சிருக்கு" என்று வேலியைப் பார்த்துக் கத்தினாள். தையல் மெஷின் சத்தம் நின்று ஆசியா ஓடிவந்தாள்.

இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். செவ்வந்தி ஒரு ஈர்க்குச்சியை விதை கிடந்த பள்ளத்தில் நிறுத்தி, மண்மட்டத்தில் கிள்ளி, விரலோடு வைத்து அளந்தாள். இரண்டு கணு. அடுத்ததும் இரண்டு கணு. முப்பதும், சொல்லிவைத்தாற்போல, இரண்டு கணு ஆழம். ஆசியாவின் பாத்தியில் ஒரு செடியைப் பெயர்த்து அளந்தாள். நகம் முழுகும் ஆழம்கூட இல்லை.

"ஏன்க்கா இவ்வளவு கீழ வச்சீங்க?"

"நான் எங்க வச்சேன்? சாதாரணமாத்தானே..." என்று சொல்லிக்கொண்டே செவ்வந்தி ஒரு விதையை எடுத்து மண்ணில் வைத்துக் காட்டினாள். மூன்று விரலும் சேர்ந்து பிடித்தன. பெருவிரல் தானாக ஒரு அழுத்து அழுத்தியது. இரண்டு கணு உள்ளே போயிற்று.

அவள் தன் பெருவிரலையே பார்த்தாள். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் சேற்றில் இறங்கியது. எத்தனை ஆயிரம் நாற்று, எத்தனை லட்சம் நாற்று. மிதக்கக் கூடாது, மிதக்கக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அழுத்து. ஊர் மெச்சிய அந்த அழுத்துதான் கொல்லையில் விதையைக் கொன்றுகொண்டிருந்தது. நாற்றுக்குத் தலை வெளியே இருக்கிறது. விதை முழுசாக உள்ளே போகிறது. சேறு இளகும், இந்தக் களிமண் வெயில் பட்டால் ஓடாகிவிடும். இது இவ்வளவு எளிதா? பத்தொன்பது வருஷம் இதற்கா?

"இருங்க இருங்க, சந்தோஷப்பட்டுடாதீங்க" என்றாள் ஆசியா. அவளுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. "இப்ப நான் ரெண்டு கணு போடுறேன். நீங்க மேலாப்புல போடுங்க. அப்பவும் ஒங்களுது வரலேன்னா ராசிதான்."

மிச்ச விதையில் மறுபடி ஆளுக்கு முப்பது எண்ணி ஊறவைத்து, பக்கத்தில் புதிதாக இரண்டு பாத்தி கட்டினார்கள். செவ்வந்திக்கு மேலாப்பில் போடுவது லேசில் வரவில்லை. மனசு சொன்னாலும் விரல் கேட்கவில்லை. நாலு விதைக்கு ஒரு விதை உள்ளே போய்விடும். கடைசியில் பழைய சேலையிலிருந்து ஒரு பட்டை கிழித்து, பெருவிரலை மடக்கி உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மீதி விரல்களால் விதையை வைத்து, மேலே எருத்தூளைத் தூவினாள்.

"கையில என்ன காயம்?" என்று கேட்டான் ரெத்தினம்.

"காயமில்ல. இது அடங்க மாட்டேங்குது, கட்டிப்போட்டிருக்கேன்."

அவன் பெண்டாட்டி முகத்தையும் கையில் கட்டியிருந்த துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

ஐந்தாம் நாள் விடியலில் செவ்வந்தி கொல்லைக் கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திறந்தாள். அவள் பாத்தியில் பச்சைக் கொக்கிகள் நிமிர்ந்துகொண்டிருந்தன. இருபத்தெட்டு. இரண்டு தடவை எண்ணினாள், மூன்றாவது தடவையும் எண்ணினாள். ஆசியா இரண்டு கணு ஆழத்தில் போட்டதில் ஒன்றுகூட இல்லை.

"போச்சா? எனக்கும் ராசி போச்சா?" என்று ஆசியா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். செவ்வந்தி சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் போய் எல்லாருக்கும் டீ போட்டாள்.

அன்றிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. கொத்தவரை போட்டாள், தண்டுக்கீரை தெளித்தாள், பாகல் குழி எடுத்தாள். சித்திரை வெயிலுக்குத் தென்னங்கீற்றால் நிழல் கட்டினாள். எது எத்தனை ஆழம் தாங்கும் என்று ஈர்க்குச்சியில் கிள்ளல் போட்டுப் பார்த்தாள். தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் வானதி போன் செய்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் முளைக் கணக்குச் சொன்னாள். நேரம் கடந்து போட்ட கொல்லைதான். ஆனாலும் வைகாசி பாதியில் வெண்டை மஞ்சள் பூவாகப் பூத்து நின்றது. ரெத்தினம் தினமும் பார்த்தான், பொரியல் ஆனதும் சாப்பிட்டான். யார் கை என்று மட்டும் பேசவில்லை. அக்காவிடம் போனில், "நீ வந்துதான்க்கா" என்பதையும் நிறுத்தவில்லை.

செவ்வந்தியிடம் இப்போது ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. அண்ணிக்கு மட்டும் எப்படி வருகிறது? பூவம்மாளும் கல்யாணத்துக்கு முன்னால் நடவு நட்டவள்தானே. அவள் விரல் மட்டும் எப்படி அழுத்தாமல் இருக்கிறது? அவள் விதை போடுவதைச் செவ்வந்தி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

வைகாசி கடைசியில் பேரன் பிறந்த மிட்டாயோடு பூவம்மாள் வந்தாள். முந்தானையில் புடலை விதை முடிந்திருந்தாள். டீயைக் குடித்தாள். கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருடா போட்டது?"

"பக்கத்து வீட்டு ஆசியா போட்டுதுக்கா" என்றான் ரெத்தினம், கொஞ்சமும் தாமதிக்காமல்.

செவ்வந்திக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை கொதித்தது. ஒரு மாதமாகக் கண்ணெதிரே பார்த்தவன், தின்றவன், வாய் கூசாமல் சொல்கிறான்.

"நான்தான் அண்ணி போட்டேன்" என்றாள். "பூரா நான். என் கையால."

பூவம்மாள் முகம் இறுகியது. "அப்ப சரி. இனிமே நான் எதுக்கு" என்று திரும்பினாள். ரெத்தினம் நடுங்கிப்போய் அக்கா அக்கா என்றான்.

"ஏங்க, கடைக்குப் போயி அண்ணிக்கு மீன் வாங்கிட்டு வாங்க" என்றாள் செவ்வந்தி. அவன் தப்பித்தோம் என்று போனான். "அண்ணி, வேலியோரம் காலியாத்தான் இருக்கு. புடலைய நீங்க போடுங்க."

பூவம்மாள் கொஞ்சம் இளகினாள். கொல்லையில் இறங்கினாள். "சரி. உள்ள போ."

"போமாட்டேன்."

"என்னடி?"

"நீங்க எப்படிப் போடுறீங்கன்னு பாக்கணும் அண்ணி. சண்டைக்குச் சொல்லல. பாக்கணும், அவ்வளவுதான்."

பூவம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தாள். பாதிகூடக் குனிய முடியவில்லை. வலது முழங்கால் மடங்காமல் விறைத்து நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். முடியவில்லை. நிமிர்ந்து பெருமூச்சு விட்டாள். செருப்பைக் கழற்றினாள். இடது கால் பெருவிரலால் மண்ணில் லேசாக ஒரு கோடு கீறினாள். இடுப்பு உயரத்திலிருந்து விதையைப் போட்டாள். அதே காலால், பொத்தியும் பொத்தாமலும், மண்ணைத் தள்ளிவிட்டாள்.

நகம் முழுகும் ஆழம்.

செவ்வந்தி குனிந்து அந்தக் கோட்டில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"மதகுலேருந்து வைக்கோல்கட்டோட விழுந்தேன். ஒங்க கல்யாணத்துக்கு முந்தின வருசம்" என்றாள் பூவம்மாள், விதை விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே. "அதுலேருந்து குத்தவைக்க முடியாது. புருசனுக்கு மட்டுந்தான் தெரியும். அதான் அந்த மாசி ஒங்கிட்ட குடுத்தேன். அது வரல. அப்புறம் நானே போட வேண்டியதாப் போச்சு. வெதையக் காலால தள்ளுறேன்னு தெரிஞ்சா ஊரு காறித் துப்பாதா? அதான் உள்ள போவச் சொன்னேன். காரணம் சொல்லணும்ல. கைராசி இல்லன்னு வந்துச்சு வாயில."

"வந்துச்சு வாயில" என்று செவ்வந்தி திருப்பிச் சொன்னாள். "பத்தொன்பது வருசம் அண்ணி. என் மவ சடங்குக்குக் கொல்லையில ஒரு வாழக்கன்னு வைக்கக்கூட என்னை விடல. நான் தொட்டா பட்டுப்போவும்னு நானே நம்பிட்டேன். அடுத்த வீட்டுப் புள்ளைக்கு ஒரு பூச்செடி எடுத்துக் குடுக்கப் பயந்தேன்."

பூவம்மாள் மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாத மனுஷி. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

"இப்ப நீங்க உள்ள போங்க" என்றாள் செவ்வந்தி.

பூவம்மாள் செருப்பைக்கூடப் போடாமல் நடந்தாள். முழங்காலின் விறைப்பு தெரிய நடந்தாள், மறைக்கவில்லை. தான் வருஷாவருஷம் நடந்த அதே ஏழெட்டு அடியை அவள் நடப்பதைச் செவ்வந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். பார்த்தபோது நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. கை கதவில் பட்டபோது கூப்பிட்டாள்.

"அண்ணி. கதவைச் சாத்தாதீங்க. நாற்காலிய இழுத்துப் போட்டு இப்படி உக்காருங்க." பூவம்மாள் திரும்பினாள். "அவரு வந்ததும் நீங்களே சொல்லணும்."

"என்னன்னு?"

"காலு சேதி வேணாம். அத நான் யாருக்கும் சொல்லமாட்டேன். என் கை நல்ல கைன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் இந்த வீட்டுல ஏறும்."

ரெத்தினம் மீன் பையோடு வந்தபோது அக்கா கொல்லை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொல்லைக் கதவு விரியத் திறந்திருந்தது. அவன் இருவர் முகத்தையும் பார்த்தான். என்ன நடந்தது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

"தம்பி" என்றாள் பூவம்மாள். "இனிமே இந்தக் கொல்லைக்கு மொத வெதை இவதான். நல்ல கைடா இது. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவன் மீன் பையைக் கீழே வைத்தான். அப்புறம் எடுத்தான். "நானும்தான்" என்று முணுமுணுத்துவிட்டு அடுப்படிக்குப் போனான்.

மிச்சப் புடலை விதையைச் செவ்வந்தி வாங்கிக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த சேலைப்பட்டையை எடுத்து, வலது கையை நாத்தனார் முன்னால் நீட்டினாள்.

"கட்டி விடுங்க."

பூவம்மாள் அந்தக் கையைப் பிடித்து, பெருவிரலை மடக்கி, பட்டையைச் சுற்றினாள். முடிச்சுப் போட்ட பிறகும் கையை விடவில்லை.

"இறுக்கமா இருக்காடி?"

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க அண்ணி" என்றாள் செவ்வந்தி. "பழகின விரலு அது."